எவ்வளவு கேஸ் சரியான அளவு? டர்பன் கடலோரமும் ஜோகன்னஸ்பர்க் மேட்டுநிலமும்

தைப்பூசக் காவடி எடுக்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள்தான் டர்பனில் கோடையின் உச்சம். கோயில் மண்டபங்களிலும் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம் வீடுகளிலும் ஏர்கான் இடைவிடாமல் ஓடுவதும், குளிர் போதவில்லை என்ற முறையீடு பெருகுவதும், அதற்கெல்லாம் "கேஸ் குறைந்துவிட்டது, ரீகேஸ் செய்ய வேண்டும்" என்ற ஒரே மருந்து சொல்லப்படுவதும் இந்த மாதங்களில்தான். மருந்து சில வேளைகளில் சரியானதே. ஆனால் கேஸ் போட்டதும் குளிர் வந்துவிட்டது என்பதால் போட்ட அளவு சரி என்று ஆகிவிடாது. அளவு ஓரளவு கூடினாலும் குறைந்தாலும் பெரும்பாலான இயந்திரங்கள் குளிர்ந்த காற்றைத் தந்துகொண்டுதான் இருக்கும். பிழை மின்கட்டணத்திலும் கம்ப்ரசரின் ஆயுளிலும் மெல்லத் தெரியவரும். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் உரிய கேஸ் அளவை எப்படிக் கண்டறிவது என்பதையும், டர்பனில் சரியாக வேலை செய்யும் ஒரு முறை ஜோகன்னஸ்பர்க் போனால் ஏன் பிசகுகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

முதலில், சரியான அளவு என்று ஒன்று ஏன் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஏர்கானுக்குள் சுற்றிவரும் கேஸ் அறைக்குள் இருக்கும் சுருளில் திரவமாக நுழைந்து, அறைக் காற்றின் வெப்பத்தை வாங்கி ஆவியாகிறது. அந்த ஆவியைக் கம்ப்ரசர் இழுத்து அழுத்தி வெளிச்சுருளுக்கு அனுப்ப, அங்கே வெப்பத்தை விட்டுவிட்டு அது மறுபடியும் திரவமாகிறது. உட்சுருளின் குழாய்கள் ஏறக்குறைய கடைசி வரை திரவத்தால் நனைந்திருந்தால்தான் அதன் முழுப் பரப்பும் வேலை செய்யும். கேஸ் குறைந்தால் பாதி வழியிலேயே திரவம் தீர்ந்துவிடும், மீதிக் குழாயில் வெறும் ஆவி ஓடும். கம்ப்ரசரின் மோட்டாரைக் குளிர்விப்பதும் திரும்பி வரும் இந்த ஆவிதான் என்பதால், அது குறைவாகவும் சூடாகவும் வந்தால் மோட்டார் காயத் தொடங்கும். கேஸ் கூடினாலோ உபரித் திரவம் வெளிச்சுருளின் கீழ்ப்பகுதியில் தேங்கி, வெப்பத்தை வெளியேற்ற வேண்டிய பரப்பை அடைத்துக்கொள்ளும். எஞ்சிய பரப்பில் அதே வெப்பத்தை வெளியேற்ற, அழுத்தமும் அதனோடு வெப்பநிலையும் ஏறும். இந்த வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் திறன் சுமார் 2 முதல் 3 சதவீதம் குறைகிறது என்பது துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. உட்சுருளுக்குத் திரவத்தை விடும் திறப்பாக வால்வுக்குப் பதில் மெல்லிய கேப்பிலரிக் குழாய் உள்ள இயந்திரங்களில் ஆபத்து இன்னும் ஒன்று உண்டு. உபரித் திரவம் உட்சுருளையும் தாண்டிக் கம்ப்ரசருக்குள் போய், எண்ணெயைக் கழுவி, உள்ளுறுப்புகளைச் சேதப்படுத்தும்.

ஏர்கான் கேஸைச் செலவழிப்பதில்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அது மூடிய சுற்று. இருபது ஆண்டுகள் ஓடினாலும் ஒரு கிராம் கூடக் குறைய வேண்டிய அவசியம் இல்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். இந்தியப் பெருங்கடலின் உப்புக் காற்று டர்பன் கடலோரத்தில் வெளிச்சுருள்களை அரிப்பது கண்கூடு. குழாய் இணைப்பின் ஃபிளேர் நட்டு சரியாக இறுக்கப்படாமல் விடப்படுவது இன்னும் சாதாரணமான காரணம். ஆகவே கசிவைத் தேடாமல் ஆண்டுதோறும் கேஸ் போட்டுத் தருவதைப் பராமரிப்புச் சேவை என்று விற்பதை, பணம் கொடுப்பவர் தட்டிக்கேட்பதே நியாயம் என்பது என் கருத்து.

அளவைக் கண்டறியும் வழிகளில் முதன்மையானதும், வாதத்துக்கு இடமில்லாததும், எடை போடுவதுதான். ஒவ்வொரு வெளி இயந்திரத்திலும் ஒட்டியிருக்கும் தகட்டில் எந்த வகைக் கேஸ், எத்தனை கிராம் என்று தொழிற்சாலையே அச்சிட்டிருக்கும். 12,000 பிடியூ குளிர்விப்புத் திறனும் ஆர் 32 வகைக் கேஸும் உள்ள ஸ்பிளிட் ஏர்கானில் அது பெரும்பாலும் முக்கால் கிலோவைச் சுற்றியே இருக்கும். அந்த அளவு ஒரு குறிப்பிட்ட குழாய் நீளத்துக்கு உரியது; பல நிறுவனங்களின் இயந்திரங்களில் 5 மீட்டர் அல்லது 7.5 மீட்டர். இரண்டாம் மாடி அறைக்குக் கீழே தரையில் வெளி இயந்திரத்தை வைத்து 12 மீட்டர் குழாய் இழுத்தால், கூடுதல் நீளத்தின் ஒவ்வொரு மீட்டருக்கும் இத்தனை கிராம் என்று கையேடு சொல்லும் அளவைச் சேர்க்க வேண்டும். கால் அங்குலத் திரவக் குழாய் உள்ள சிறிய இயந்திரங்களில் அது வழக்கமாக மீட்டருக்கு 20 கிராம் அளவில் இருக்கும். எனவே பழைய கேஸ் முழுவதையும் மீட்பு சிலிண்டரில் எடுத்து, கசிவைச் சரிசெய்து, வெற்றிடமாக்கி, தராசில் வைத்த சிலிண்டரிலிருந்து குறித்த எடையைப் போடுவதே சரியான வரிசை.

இன்று விற்பனையாகும் இன்வெர்ட்டர் ஏர்கான்களுக்கு இதைத் தவிர வேறு நம்பகமான வழியே இல்லை என்று சொல்லலாம். அவற்றின் கம்ப்ரசர் தன் வேகத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். உட்சுருளுக்குள் செல்லும் திரவத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணு விரிவு வால்வும் கணத்துக்குக் கணம் திறப்பை மாற்றும். கேஸ் குறைந்திருந்தாலும் வால்வு இன்னும் அகலமாகத் திறந்து குறையை மறைத்துவிடும். அந்நேரத்தில் அழுத்தமானி காட்டும் எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

தகட்டு எடையைப் போட முடியாத இடங்களும் உண்டு. கடையின் பின்கட்டில் அந்தந்த இடத்துக்கேற்பக் கட்டப்பட்ட குளிரறைக்குத் தகடு இருக்காது. பழைய இயந்திரத்தின் எழுத்து வெயிலில் அழிந்திருக்கும். அங்கேதான் சூப்பர்ஹீட், சப்கூலிங் என்ற இரு அளவீடுகள் உதவுகின்றன. உட்சுருளில் கேஸ் எந்த வெப்பநிலையில் ஆவியாகிறதோ, அதைவிட எத்தனை டிகிரி கூடுதல் சூட்டோடு அது கம்ப்ரசருக்குத் திரும்புகிறது என்பதே சூப்பர்ஹீட். வெளிச்சுருளில் திரவமாகும் வெப்பநிலையைவிட எத்தனை டிகிரி குளிர்ந்து அது வெளியே வருகிறது என்பது சப்கூலிங். வெப்பநிலைக்கேற்பத் தானே திறப்பை மாற்றும் விரிவு வால்வு உள்ள இயந்திரத்தில் சூப்பர்ஹீட்டை அந்த வால்வே கட்டுப்படுத்திவிடுவதால், கேஸ் அளவைச் சப்கூலிங்கால்தான் அறிய முடியும். தயாரிப்பாளர் வேறு எண் தராதபோது பெரும்பாலும் 5 முதல் 7 டிகிரி செல்சியஸ் வரை ஏற்கத்தக்கது. கேப்பிலரி போன்ற மாறாத திறப்பு உள்ள இயந்திரத்திலோ சூப்பர்ஹீட்தான் வழிகாட்டி. அதற்கு நிலையான எண் கிடையாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அந்த இலக்கு அறைக் காற்றின் ஈரத்தையும் வெளிவெப்பத்தையும் பொறுத்து மாறும். களத்தில் வழங்கும் ஒரு தோராயக் கணக்கைச் செல்சியஸில் மாற்றி எழுதினால் இப்படி வரும்: அறையின் ஈரக்குமிழ் வெப்பநிலையை (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது) ஒன்றரையால் பெருக்கி, அதிலிருந்து வெளிக்காற்றின் வெப்பநிலையில் பாதியையும் 4.4-ஐயும் கழித்தால் கிடைப்பது இருக்க வேண்டிய சூப்பர்ஹீட். டர்பனில் 27 டிகிரியும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். அதன் ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் 23.4 டிகிரி. வெளியே 30 டிகிரி என்றால் இலக்கு ஏறத்தாழ 16 டிகிரி. ஜோகன்னஸ்பர்க்கின் தெற்கே லெனேசியாவில், 24 டிகிரியும் 40 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் 15 டிகிரிதான். வெளியே 28 டிகிரி என்றால் இலக்கு 4 அல்லது 5 டிகிரியாகச் சுருங்கிவிடும். ஒரே இயந்திரம், ஒரே எடைக் கேஸ். அளவீடு மட்டும் மூன்று மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. டர்பனின் ஈரக் காற்றில் 16 டிகிரியைப் பார்த்து, கேஸ் குறைவு என்று எண்ணி, அது 5 ஆகும் வரை ஊற்றிக்கொண்டே போனால், ஈரம் குறைந்த ஒரு நாளில் அதே இயந்திரத்தின் கம்ப்ரசருக்குள் திரவம் போய்ச் சேரும்.

குழாயைத் தொட்டுப் பார்த்தோ அதில் வியர்வை படிவதைப் பார்த்தோ அளவைத் தீர்மானிக்கும் பழக்கமும் இதே காரணத்தால்தான் ஏமாற்றுகிறது. கோடை நாளில் டர்பன் காற்றின் பனிநிலை, அதாவது அதன் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 20 டிகிரியை ஒட்டியே இருப்பதால், கேஸ் அளவு எப்படி இருந்தாலும் திரும்பிவரும் குழாயில் நீர் வழியும். லெனேசியாவில் மழை இல்லாத நாளில் சரியாக நிரப்பிய இயந்திரத்தின் குழாய் கூட உலர்ந்து காணப்படலாம்.

இனி உயரத்தின் கணக்கு. டர்பன் கடல்மட்டத்தில் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில். கடல்மட்டத்தில் 101 கிலோபாஸ்கலாக இருக்கும் காற்றழுத்தம் அங்கே ஏறத்தாழ 82 கிலோபாஸ்கல்தான். அங்கே தண்ணீர் 94 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையிலேயே கொதித்துவிடுவதும், திறந்த பானையில் பருப்பு வேகக் கூடுதல் நேரம் ஆவதும் இதனால்தான். கேஸ் சுற்றுக்குள் இது எதையும் மாற்றுவதில்லை, ஏனெனில் அது மூடிய உலகம். மாறுவது மெக்கானிக்கின் கையிலிருக்கும் அழுத்தமானி. முள் வைத்த சாதாரண அழுத்தமானி உள்ளழுத்தத்துக்கும் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்துக்கும் இடையிலான வேறுபாட்டையே காட்டும். வெளிக்காற்று 0.19 பார் குறைந்தால், உள்ளே எதுவும் மாறாமலே முள் 0.19 பார் கூடுதலாகக் காட்டும். அழுத்தத்தைக் கேஸ் ஆவியாகும் வெப்பநிலையாக மாற்றிச் சொல்ல அழுத்தமானியின் முகப்பில் அச்சிட்டிருக்கும் வெப்பநிலை வட்டமோ கடல்மட்டத்துக்கு வரையப்பட்டது.

விளைவு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது கவனிக்கத்தக்கது. முள் கூடுதலாகக் காட்டுவதால், உட்சுருளில் ஆவியாகும் வெப்பநிலை உண்மையைவிட அதிகமாகக் கணிக்கப்படும். அதனால் சூப்பர்ஹீட் குறைவாகத் தோன்றும். வெளிச்சுருளிலும் அதே பிழை நேர்ந்து, சப்கூலிங் அதிகமாகத் தோன்றும். குறைந்த சூப்பர்ஹீட்டும் அதிகச் சப்கூலிங்கும் சேர்ந்தால் கேஸ் கூடுதல் என்பதே எவருக்கும் வரும் முடிவு. ஆக, இரு பிழைகளும் ஒன்றையொன்று சமன்செய்வதற்குப் பதிலாக ஒரே திசையில் சேர்ந்து, மெக்கானிக்கைக் கேஸை வெளியே எடுக்கத் தூண்டுகின்றன. டர்பனில் தொழில் கற்று, அதே அழுத்தமானியோடு மேட்டுநிலத்துக்குப் போய் வேலை செய்பவர் எல்லா இயந்திரங்களையும் சிறிது குறைவாகவே நிரப்பிவிட்டு வரக்கூடும்.

பிழையின் அளவு கேஸின் வகையைப் பொறுத்தது. ஆர் 410ஏ போன்ற உயரழுத்தக் கேஸில் 0.19 பார் என்பது முக்கால் டிகிரிக்கும் குறைவான வேறுபாடு, பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆர் 134ஏ போட்ட குளிரறையில், ஆவியாகும் வெப்பநிலை பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழே இருக்கும்போது, அது 2 டிகிரியைத் தாண்டும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இன்று பரவலாக இருக்கும் ஆர் 600ஏ, அதாவது ஐசோபியூட்டேன், மைனஸ் 25 டிகிரியில் ஆவியாகும்போது அதன் முழு அழுத்தம் (வெற்றிடத்தைப் பூஜ்யமாக வைத்து அளப்பது) சுமார் 0.58 பார். டர்பனில் முள் மைனஸ் 0.43 பாரைக் காட்டும், ஜோகன்னஸ்பர்க்கில் மைனஸ் 0.24 பாரை. பின்னதைக் கடல்மட்டத்துக்கான அழுத்த, வெப்பநிலை அட்டவணையில் பார்த்தால் மைனஸ் 18 அல்லது 19 டிகிரி என்று வரும். ஆறு டிகிரிக்கு மேற்பட்ட இந்தப் பிழை ஒரு குளிர்பெட்டியைத் தவறாகக் கணிக்கப் போதுமானது. இருக்குமிடத்தின் காற்றழுத்தத்தை உள்ளிடும் வசதி உள்ள டிஜிட்டல் அழுத்தமானி இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும். இல்லாதவர்கள் மேட்டுநிலத்தில் படித்த எண்ணிலிருந்து 0.19 பாரைக் கழித்துவிட்டு அட்டவணையைப் பார்த்தால் போதும்.

வெற்றிடமாக்கும்போதும் இதே குழப்பம் வேறு வடிவில் வரும். டர்பனில் நல்ல வேக்குவம் பம்ப் முள்ளை மைனஸ் 1 பாருக்கே இறக்கிவிடும். ஜோகன்னஸ்பர்க்கில் முழு வெற்றிடம் கிடைத்தாலும் முள் மைனஸ் 0.82-ஐத் தாண்டி இறங்காது, இறங்கவும் முடியாது. பம்ப் பழுது என்று நினைத்து அதை மாற்றுபவர்கள் உண்டு. வெற்றிடத்தின் தரத்தைச் சொல்ல வேண்டியது, மைக்ரான் என்ற நுண்ணிய அழுத்த அலகில் காட்டும் மைக்ரான் கேஜ்தான். அது முழு அழுத்தத்தை அளப்பதால் அதற்கு மலையும் கடலும் ஒன்றே. 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கி, பம்பை மூடிய பின் அந்த நிலை நிற்கிறதா என்று பார்ப்பது வழக்கம். அது மெல்ல ஏறி ஓரிடத்தில் நின்றால் உள்ளே ஈரம் மிச்சமிருக்கிறது; நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு.

கேஸ் அளவைத் தொடும் முன்பு, கேஸ் குறைவு போல நடிக்கும் மற்றக் கோளாறுகளை விலக்கியாக வேண்டும். தூசி படிந்த வடிகட்டியோ மெதுவாகச் சுழலும் மின்விசிறியோ உட்சுருளுக்குக் காற்றைக் குறைத்தால் அழுத்தம் இறங்கும், சுருளில் பனி கட்டும். பார்ப்பவர் கேஸ் குறைவு என்பார். அப்போது சூப்பர்ஹீட்டும் குறைந்திருக்கும் என்பதுதான் வேறுபாடு, உண்மையில் கேஸ் குறைந்திருந்தால் அது கூடியிருக்கும். வெளிச்சுருள் அழுக்காக இருந்தால் கேஸ் கூடிவிட்டது போலத் தோன்றும். உள்ளே காற்று புகுந்திருந்தாலும் அப்படித்தான். இயந்திரத்தை நிறுத்தி, வெளிச்சுருள் வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வந்த பின் அழுத்தத்தைப் படித்தால், அட்டவணை சொல்வதைவிட அது கூடுதலாக இருக்கும். டர்பனுக்கே உரிய இன்னொரு மயக்கம் உண்டு. உட்சுருளைக் கடக்கும் காற்று எத்தனை டிகிரி குளிர்கிறது என்று அளந்து, குறைவு என்றால் கேஸ் போடச் சொல்வது. ஈரமான காற்றில் இயந்திரத்தின் ஆற்றலில் பெரும்பகுதி நீராவியைத் தண்ணீராக மாற்றி வடிகுழாய் வழியே அனுப்பச் செலவாகிறது. காற்றின் வெப்பநிலை குறைவாகவே இறங்குவது அங்கே இயல்பு. லோட் ஷெடிங் முடிந்து மின்சாரம் திரும்பும்போது எகிறும் மின்னழுத்தம் சுற்றுப்பலகையைக் கெடுத்து, அந்தப் பழியும் கேஸ் மேல் விழுந்த கதைகள் தனி.

வகை மாறினாலும் அளவு பொருளற்றுப் போகும். ஆர் 407சி மூன்று பொருள்களின் கலவை. அவை வெவ்வேறு வெப்பநிலையில் ஆவியாவதால் சிலிண்டரிலிருந்து திரவமாகவே எடுத்து நிரப்ப வேண்டும். ஆவியாக எடுத்தால் உள்ளே போவது வேறொரு கலவை. பழைய ஆர் 22 இயந்திரங்களில் மாற்று என்று சொல்லி ஹைட்ரோகார்பன் கேஸை நிரப்புவது தீப்பற்றும் பொருளை அதற்காக வடிவமைக்கப்படாத இயந்திரத்தில் அடைப்பதாகும். அதை எந்தச் சிக்கனமும் நியாயப்படுத்தாது. 2016-இல் ருவாண்டாவின் கிகாலியில் ஏற்கப்பட்ட மாண்ட்ரியல் ஒப்பந்தத் திருத்தத்தின்படி, தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட நாடுகளின் குழு ஆர் 410ஏ, ஆர் 32 போன்ற எச்எஃப்சி வகைக் கேஸ்களின் பயன்பாட்டை மேலும் கூடாமல் 2024-இல் நிறுத்திவைத்து, 2029-இல் 10 சதவீதமும் 2045-க்குள் 80 சதவீதமும் குறைக்க வேண்டும். ஆர் 410ஏ-யின் புவிவெப்பமாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைப்போல் 2,088 மடங்கு. ஆர் 32-க்கு 675. புரோப்பேன் ஆகிய ஆர் 290-க்கு வெறும் 3. தீப்பற்றும் தன்மையால் கடைகளின் குளிர்பெட்டிகளில் புரோப்பேன் 150 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்றிருந்த சர்வதேசத் தரவரம்பு 2019-இல் சுமார் 500 கிராமாக உயர்த்தப்பட்டது.

இப்படி அளவு சுருங்கச் சுருங்கப் பிழைக்கு இடமும் சுருங்குகிறது. ஐசோபியூட்டேன் போட்ட வீட்டுப் பெட்டியில் மொத்தமே 50 கிராம் அளவில்தான் இருக்கும். 10 கிராம் தவறினால் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. அழுத்தமானியின் ஒன்றரை மீட்டர் ரப்பர் குழாய்க்குள் திரவம் நிரம்பினால் அதுவே 20, 30 கிராம் கேஸைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், சிறிய இயந்திரத்தில் அழுத்தமானியை மாட்டிக் கழற்றுவதே அளவைக் கெடுக்கும். அத்தகைய பெட்டிகளில் அழுத்தத்தைச் சோதித்துப் பார்ப்பதைவிட, குளிரும் விதத்தையும் கம்ப்ரசர் எடுக்கும் மின்னோட்டத்தையும் முதலில் பார்ப்பதும், திறக்க நேர்ந்தால் ஒரு கிராம் வரை காட்டும் தராசைப் பயன்படுத்துவதும் நல்லது.

தென்னாப்பிரிக்காவில் இந்த வேலையைச் செய்பவர் 2009-ஆம் ஆண்டு அழுத்தக் கருவிகள் விதிமுறைகளின்படி எஸ்ஏக்யூசிசி கேஸ் அமைப்பில் பதிவு பெற்று, அதற்கான அட்டையை வைத்திருக்க வேண்டும். அட்டையைக் காட்டச் சொல்வதில் தவறில்லை, வயதில் மூத்த உறவினர் என்றால், "மாமா, எத்தனை கிராம் எடுத்தீர்கள், எத்தனை கிராம் போட்டீர்கள்?" என்று பணிவாகக் கேட்டாலும் போதும். கேஸின் வகை, எடுத்த எடை, போட்ட எடை, குழாயின் நீளம், கசிவு இருந்த இடம், அளந்த நாளின் உள், வெளி வெப்பநிலை ஆகியவற்றை இயந்திரத்தின் மூடியில் ஒட்டி வைத்துவிட்டால், அடுத்து வருபவர் தேவையில்லாமல் அழுத்தமானியை மாட்டிக் கேஸை வெளியே விட வேண்டியிருக்காது.